பி.இ. மெக்கானிக்கல் முடிச்சு வேலை தேடுற தம்பிக்கு: எங்க தேடணும், எதைக் காட்டணும்

தம்பி, நீங்க எழுதினத சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன், மத்தவங்களுக்கும் புரியட்டும். 2024-ல பி.இ. மெக்கானிக்கல், சி.ஜி.பி.ஏ 7.1, அரியர் இல்ல, திருவண்ணாமலை பக்கம் காலேஜ். கேம்பஸ்க்கு வந்ததெல்லாம் பி.பி.ஓ.வும் சேல்ஸும்தான். ஒரு வருஷத்துக்கு மேல நௌக்ரியிலயும் லிங்க்ட்இன்லயும் அப்ளை பண்ணியும் ஒரு பதில் கூட வரல. இப்போ அப்பா கடன் வாங்கித் தர்றேன்னு சொல்றாரு, 60,000 கட்டி சென்னையில ஜாவா கோர்ஸ் சேரலாமான்னு கேக்குறீங்க. கடைசியில "சொல்லிக்கிற மாதிரி எனக்கு திறமை ஒண்ணும் இல்ல"ன்னு வேற எழுதியிருக்கீங்க.

நான் ஒரகடம் பக்கம் கார் கம்பெனிங்களுக்கு பார்ட்ஸ் செஞ்சு கொடுக்குற ஒரு பிளான்ட்ல குவாலிட்டியில இருக்கேன். ஃப்ரெஷர் இன்டர்வியூவுக்கு பேனல்ல பல வருஷமா உக்கார்றேன். அதனால மேஜைக்கு இந்தப் பக்கத்துல இருந்து என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும், அதை வெச்சுதான் பதில் சொல்றேன்.

மொதல்ல நேரடி பதில். அந்த 60,000-த்தை இப்போ கட்டாதீங்க. உங்களுக்கு திறமை இல்லன்னு நீங்க சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன், இருக்கிறது வெளிய தெரியிற மாதிரி எங்கயும் இல்ல, அவ்வளவுதான் பிரச்சன. அதை மூணு நாலு மாசத்துல சரி பண்ணலாம்.

பதில் ஏன் வரலன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க, இல்லன்னா மனசு ஒடஞ்சு போயிடும். நௌக்ரியில ஒரு ஃப்ரெஷர் வேலை போட்டா ரெண்டு நாள்ல ஆயிரக்கணக்குல அப்ளிகேஷன் வந்து குவியும். எங்க ஹெச்.ஆர்ல அந்த வேலைய பார்க்குறது ஒரே ஒரு பொண்ணு, அவங்களுக்கு அட்டெண்டன்ஸ், சம்பளம், கேன்டீன் பிரச்சனைன்னு வேற வேலையும் இருக்கு. அவங்க ஒவ்வொண்ணா தொறந்து படிக்கவே மாட்டாங்க, படிக்கவும் முடியாது. என்ன பண்ணுவாங்கன்னா, தேடுற பெட்டியில வார்த்தைய போட்டு தேடுவாங்க: குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன், ஜி.டி அண்ட் டி (பார்ட்டோட வடிவத்துல எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்னு டிராயிங்ல குறிக்கிற முறை), சி.எம்.எம் (துல்லியமா அளக்குற மெஷின்), சி.என்.சி (கம்ப்யூட்டர்ல ஓடுற மெஷின்), சாலிட்வொர்க்ஸ் (3டி டிசைன் சாஃப்ட்வேர்), அப்புறம் ஊர் ஸ்ரீபெரும்புதூர் இல்ல சென்னை, பாஸ் ஆன வருஷம், கடைசியா எப்போ லாகின் பண்ணினாங்க, இப்படி வடிகட்டி மேல வர்ற ஒரு இருபது முப்பது பேரைத்தான் கூப்பிடுவாங்க. உங்க ப்ரொஃபைல் தலைப்புல "மெக்கானிக்கல் இன்ஜினியர் ஃப்ரெஷர், வாய்ப்பு தேடுறேன்"னு இருந்தா எந்த தேடல்லயும் நீங்க வரமாட்டீங்க, ஏன்னா "கடின உழைப்பாளி"ன்னோ "வாய்ப்பு தேடுறவர்"ன்னோ யாரும் தேடுறது இல்ல. ஊர் திருவண்ணாமலைன்னு மட்டும் போட்டிருந்தா அதுலயே பாதி பேருக்கு கண்ணுல படமாட்டீங்க. விருப்பமான ஊர்ல சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோயம்புத்தூர் எல்லாம் சேருங்க, உடனே வந்து சேர முடியும்னு போடுங்க, வாரத்துக்கு ரெண்டு தடவயாவது லாகின் பண்ணி ஏதாவது ஒரு வரிய மாத்துங்க. இது சின்ன வேலைதான், ஆனா இதுக்கே கால் வர ஆரம்பிச்சவங்கள நான் பார்த்திருக்கேன்.

அடுத்தது ரெஸ்யூம். எங்க டேபிளுக்கு வர்ற பத்துல ஒன்பது ஒரே அச்சு. மேல "சவாலான சூழல்ல வேலை செஞ்சு நிறுவனத்தோட வளர்ச்சிக்கும் என்னோட வளர்ச்சிக்கும்"னு ஒரு குறிக்கோள், கீழ அப்பா பேரு, மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு கிரிக்கெட், கடைசியில "மேற்கண்ட தகவல்கள் எல்லாம் உண்மை"ன்னு உறுதிமொழி. நடுவுல பிராஜெக்ட்னு ஒரு வரி, சோலார்ல ஓடுற புல்வெட்டி இல்ல தானா தண்ணி ஊத்துற வண்டி. அந்த பிராஜெக்ட்டப் பத்தி ஒரே ஒரு கேள்வி கேப்போம், மோட்டார் எத்தன வாட், ஏன் அந்த மோட்டாரை எடுத்தீங்கன்னு. பதில் வராது, ஏன்னா நாலு பேர் சேர்ந்து பிராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கினது. இது எங்களுக்கு பார்த்த உடனே தெரியும். உங்களோடதும் அப்படி வாங்கினதுதான்னா இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, அந்த மாடல் எங்கயாவது கிடந்தா எடுத்து வந்து பிரிச்சுப் போடுங்க, ஒவ்வொரு பார்ட்டும் ஏன் அங்க இருக்குன்னு கண்டுபிடிங்க, மோட்டாரோட டார்க் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க, ஒரு வாரத்துல அது உண்மையிலயே உங்க பிராஜெக்ட் ஆயிடும்.

இப்போ ஒரு இன்டர்வியூல நடந்தத சொல்றேன், நான் சொல்ல வர்றதே இதுதான். ஒரு டிராயிங்க மேஜையில வெச்சு, அதுல ஒரு ஓட்டைக்கு 25 ஹெச்7-ன்னு போட்டிருக்கும், இது என்னன்னு கேப்போம். மொதல்ல வந்த பையன் நல்ல மார்க், 8-க்கு மேல சி.ஜி.பி.ஏ. 25 எம்.எம் டயான்னு சொன்னான், ஹெச்7 டாலரன்ஸ் (அளவுல எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்ங்குறது)னும் சொன்னான், அது வரைக்கும் சரி. எதுல அளப்பேன்னு கேட்டதுக்கு வெர்னியர்னு சொல்லிட்டான். அந்த ஓட்டைக்கு அனுமதி 25.000-ல இருந்து 25.021 வரைக்கும்தான், அதாவது மொத்தமே 21 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா ஒரு எம்.எம்-ல ஆயிரத்துல ஒண்ணு), நம்ம கையில இருக்குற சாதாரண வெர்னியரோட லீஸ்ட் கவுண்டே, அதாவது அதுல பார்க்க முடியுற மிகச் சின்ன அளவே 0.02 எம்.எம், அதுவே 20 மைக்ரான். அதுல எப்படி இதை அளக்குறது? அவனுக்கு அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே யாரும் சொல்லிக் கொடுக்கல.

அதுக்கப்புறம் வந்த பையன் டிப்ளமோ முடிச்சு லேட்டரல் என்ட்ரியில பி.இ. படிச்சவன், மார்க் சுமார், இங்கிலீஷ் திக்கித் திக்கித்தான் வருது. அதே டிராயிங்க பார்த்துட்டு, "வெர்னியர்ல பார்க்க முடியாது சார், ரெண்டு மூணு பீஸ்னா போர் கேஜ் போடலாம், நிறைய பீஸ்னா பிளக் கேஜ், கோ சைடு போகணும், நோ கோ சைடு போகக் கூடாது"ன்னு கையால காட்டிக்கிட்டே சொன்னான். (போர் கேஜ் ஓட்டையோட உள் அளவை அளக்குறது, பிளக் கேஜ் ஓட்டைக்குள்ள விட்டுப் பார்க்குறது.) எங்கடா கத்துக்கிட்டேன்னு கேட்டா தயங்கித் தயங்கி சொல்றான், மாமாவோட லேத் பட்டறையில லீவு நாள்ல எல்லாம் வேலை பார்ப்பானாம். ரெஸ்யூமை திருப்பித் திருப்பிப் பார்க்குறேன், அதைப் பத்தி ஒரு வரி இல்ல. ஏன் போடலன்னு கேட்டேன். "அது வெறும் பட்டறைதானே சார், கம்பெனி இல்லயே"ன்னான். அவனைத்தான் எடுத்தோம், ஆனா அந்த டிராயிங் கேள்வி வரலன்னா அவனுக்கு அது தெரியும்னு எங்களுக்கு தெரிஞ்சிருக்கவே இருக்காது, மார்க்கப் பார்த்து அனுப்பியிருப்போம்.

நம்ம பசங்ககிட்ட நான் திரும்பத் திரும்ப பார்க்குறது இதைத்தான். காசு கொடுத்து வாங்கின பிராஜெக்ட்ட பெருசா எழுதுறாங்க, கை கருத்து வேலை பார்த்தத வெக்கப்பட்டு மறைக்கிறாங்க. அப்பாவோட ரைஸ் மில்லுல பெல்ட் மாத்தினது, மெக்கானிக் கடையில கார்புரேட்டர் கழட்டி மாட்டினது, போர்வெல் மோட்டார் எரிஞ்சப்போ காயில் கட்டுறவர் பக்கத்துல உக்காந்து உதவி பண்ணினது, தெருப் பசங்களுக்கு கணக்கு டியூஷன் எடுத்தது, கல்யாண சமையல் கான்ட்ராக்ட்ல முப்பது பேரை வேலை வாங்கினது, இதெல்லாம் வேலை அனுபவம் தம்பி. நீங்க ஒரு நோட்டு எடுத்து பத்தாவது முடிச்சதுல இருந்து இன்னைக்கு வரைக்கும் உங்க கையால செஞ்ச எல்லாத்தையும் எழுதுங்க, பெருசு சின்னதுன்னு பார்க்காதீங்க. அதுல நாலஞ்சு ரெஸ்யூம்ல ஏறும். எழுதும்போது எங்க, என்ன, எவ்வளவு, அதனால என்ன ஆச்சுன்னு எழுதுங்க. "மெஷினிங் தெரியும்"னு எழுதாதீங்க, "லேத்ல ஷாஃப்ட், புஷ் டர்னிங் பண்ணியிருக்கேன், மைக்ரோமீட்டர்ல 0.01 வரைக்கும் அளந்து ஒப்படைச்சிருக்கேன்"னு எழுதுங்க, இன்டர்வியூ எடுக்குறவன் அங்கயே நிமிர்ந்து உக்காருவான். ஒரே பக்கம் போதும், போட்டோ வேண்டாம், அப்பா பேரு வேண்டாம், உறுதிமொழி வேண்டாம். ஃபைல் பேரை "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3"-ன்னு விடாம உங்க பேரும் வேலை பேரும் போட்டு பி.டி.எஃப்ல அனுப்புங்க.

சரி, உண்மையிலயே கை வேலை எதுவும் இல்ல, காலேஜ் விட்டா வீடுதான்னா என்ன பண்றது? அப்போ ஒண்ணை உருவாக்கணும், அதுக்கு பெரிய செலவும் இல்ல. ஒரு வெர்னியர் வாங்குங்க, இல்ல தெரிஞ்ச பட்டறையில ரெண்டு நாளைக்கு கேளுங்க. பழைய பைக் பார்ட் ஒண்ணு, பிரேக் லீவரோ கிக்கரோ காயலான் கடையில எடுத்து வாங்க. அதை அளந்து 3டி மாடல் போடுங்க, ஃப்ரீகேட் முழுசா இலவசம், ஆன்ஷேப்க்கும் இலவச கணக்கு இருக்கு. அப்புறம் அதுக்கு ஒரு 2டி டிராயிங், டேட்டம் (எங்க இருந்து அளவு எடுக்குறோமோ அந்தப் பக்கம்) எது, எந்த ஓட்டைக்கு எவ்வளவு டாலரன்ஸ், ஏன் அந்த டாலரன்ஸ்னு உங்க காரணத்தோட. அடுத்து அதே பார்ட் வேற ரெண்டு மூணு கிடைச்சா எல்லாத்தையும் ஒரே இடத்துல அளந்து எக்செல்ல போட்டு எவ்வளவு மாறுதுன்னு ஒரு சார்ட். இந்த பார்ட் உடைஞ்சா எங்க உடையும், எதனால உடையும்னு ஒரு சின்ன அட்டவணை, எஃப்.எம்.இ.ஏ.ன்னு நாங்க தினமும் போடுறதோட எளிமையான வடிவம் அது. மொத்தம் நாலு பக்கம் வரும். இதை பி.டி.எஃப் ஆக்கி டிரைவ்ல போட்டு லிங்க்க ரெஸ்யூம் தலைப்புக்கு கீழயே வைங்க. ஃபோன்ல ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்து அந்த பார்ட்ட கையில வெச்சு விளக்குங்க, லிங்க்ட்இன்ல போடுங்க. "மார்க்கெட்டிங் பண்ணிக்கோ"ன்னு எல்லாரும் சொல்றாங்களே, என்னப் பொறுத்தவரைக்கும் மார்க்கெட்டிங்னா இவ்வளவுதான், செஞ்ச வேலைய எடுக்குற ஆளோட கண்ணு முன்னால கொண்டு போய் வைக்கிறது. லிங்க்ட்இன்ல சர்டிஃபிகேட் போட்டோவும் "பெருமையுடன் அறிவிக்கிறேன்"னு போஸ்டும் போட்டா நண்பர்கள் லைக் போடுவாங்க, பிளான்ட் ஹெட் நின்னு பார்க்கறது அந்த டிராயிங்கத்தான்.

படிக்கிறதுக்கு என்.பி.டி.இ.எல். இருக்கு, ஐ.ஐ.டி.ங்களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நடத்துறது. வீடியோ எல்லாம் இலவசம், பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் 1000 ரூபா. மெட்ராலஜி, மேனுஃபேக்சரிங், குவாலிட்டி எல்லாமே இருக்கு. பிளாஸ்டிக், மோல்டு பக்கம் ஆசை இருந்தா கிண்டியில சிப்பெட் இருக்கு, 1968-ல இருந்து இருக்குற மத்திய அரசு நிறுவனம், அங்க படிச்சு வர்ற பசங்களுக்கு இண்டஸ்ட்ரியில நல்ல மரியாத. தமிழ்நாடு அரசோட நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்ல ஆரம்பிச்சது, நீங்க காலேஜ்ல இருந்தப்பவே உங்க செமஸ்டர்ல அதோட கோர்ஸ் வந்திருக்கும், அதுல எதையாவது ஒழுங்கா முடிச்சிருந்தா அதையும் தேடி எடுங்க, பல பசங்க அதை வெறும் கிரெடிட்டுக்கு முடிச்சுட்டு மறந்துடுறாங்க.

இப்போ எங்க தட்டணும்னு பார்ப்போம். எல்லாரும் ஹூண்டாய், ராயல் என்ஃபீல்டு, டி.வி.எஸ், அசோக் லேலண்ட்னு பெரிய பேரா பார்த்து அப்ளை பண்றாங்க. அவங்க இன்ஜினியர் டிரெய்னிய பெரும்பாலும் கேம்பஸ்லயே எடுத்துடுவாங்க, வெளிய இருந்து உள்ள போறது ரொம்ப கஷ்டம். ஆனா ஒரு காருக்குள்ள இருக்குற ஆயிரக்கணக்கான பார்ட்ல பெரும்பகுதிய செய்றது அவங்களுக்கு சப்ளை பண்ற வெண்டார் கம்பெனிங்க, அந்த வெண்டாருக்கு சப்ளை பண்றது இன்னும் சின்ன கம்பெனிங்க. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், திருமுடிவாக்கம், அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர்னு எங்க பார்த்தாலும் இவங்கதான். இவங்களுக்கு எப்பவும் ஆள் வேணும், ஏன்னா ரெண்டு வருஷம் கத்துக்கிட்ட பையன் பெரிய கம்பெனிக்கு தாவிடுவான், அந்த இடம் காலியாகும். நீங்களும் ஒருநாள் அப்படித் தாவுவீங்க, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. இதை விட முக்கியம், உங்க மாவட்டத்துலயே செய்யாறு சிப்காட் இருக்கு, ஷூ கம்பெனிங்க மட்டும் இல்ல, அலுமினியம் காஸ்டிங் கம்பெனியும் இருக்கு. அந்தப் பக்கம் ராணிப்பேட்டையில பெல் (பி.ஹெச்.இ.எல்.) ஆலையும் அதுக்கு ஃபேப்ரிகேஷன் பண்ணிக் கொடுக்குற யூனிட்டுங்களும். சென்னை சென்னைன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நாள் பஸ் ஏறி அங்க போய் கம்பெனி போர்டு எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வாங்க, வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா என்ன செய்றாங்க, யாருக்கு சப்ளைன்னு பாருங்க.

அப்புறம் அந்த கம்பெனியில குவாலிட்டி மேனேஜர், மெயின்டெனன்ஸ் இன்சார்ஜ், புரொடக்‌ஷன் ஹெட் யாருன்னு லிங்க்ட்இன்ல தேடி நேரா அவங்களுக்கு எழுதுங்க. ஹெச்.ஆருக்கு ஆள் எண்ணிக்கை பிரச்சன, இவங்களுக்குத்தான் வேலை நிக்குற பிரச்சன, அதனால பதில் வர்றது இவங்ககிட்ட இருந்துதான். "சார் எனி வேகன்சி"ன்னு எனக்கு தினமும் மெசேஜ் வரும், எத்தனைக்குன்னு பதில் போடுறது, பாவமா இருந்தாலும் விட்டுடுவேன். ஆனா ஒருத்தன், "சார் நான் 2024 மெக்கானிக்கல், ஒரு பிரேக் லீவரை அளந்து டிராயிங் போட்டிருக்கேன், ரெண்டாவது பக்கத்துல பொசிஷன் டாலரன்ஸ் சரியா கொடுத்திருக்கேனான்னு சந்தேகமா இருக்கு, ரெண்டு நிமிஷம் பார்த்து சொல்ல முடியுமா"ன்னு எழுதினா (பொசிஷன் டாலரன்ஸ்னா ஓட்டை தன்னோட இடத்துல இருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம்ங்குறது) நான் கண்டிப்பா தொறந்து பார்ப்பேன், தப்பிருந்தா சொல்லுவேன், சொன்னத திருத்தி அடுத்த வாரம் அனுப்பினான்னா அந்தப் பேரு எனக்கு மனசுல நிக்கும், எங்க பிளான்ட்ல ஆள் கேக்கும்போது அந்தப் பேரைத்தான் சொல்லுவேன். சீனியர்கிட்ட ரெஃபரல் கேக்கும்போதும் இதே மாதிரிதான், "அண்ணா எதாச்சும் இருந்தா சொல்லுங்க"ன்னு விட்டுடாதீங்க, அவங்க கம்பெனி சைட்ல எந்த வேலை ஓபன்னு நீங்களே பார்த்து, அந்த வேலை நம்பர், ரெஸ்யூம், டிராயிங் லிங்க் எல்லாம் ஒரே மெசேஜ்ல அனுப்பிடுங்க, அவர் ஃபார்வேர்ட் பண்ணினா போதுங்குற நிலைமையில கொடுங்க. நிறைய கம்பெனியில ரெஃபர் பண்றவங்களுக்கு காசும் உண்டு, அதனால கூச்சப்படவே வேண்டாம்.

அப்ரென்டிஸ்ஷிப்ப (தொழில் பழகுநர் பயிற்சி) பத்தி நீங்க ஒரு வார்த்த கூட கேக்கல, ஆனா உங்களுக்கு நல்ல கதவு அதுதான்னு நான் நினைக்கிறேன், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். 1961-ல வந்த அப்ரென்டிஸ் சட்டப்படி, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எல்லா நிறுவனமும் அவங்க ஆள் பலத்துல 2.5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரென்டிஸ் எடுத்தே ஆகணும். ஆக கம்பெனிக்கு இது தர்மம் இல்ல, கணக்கு காட்ட வேண்டிய கடமை. பட்டதாரிகளுக்கு நாட்ஸ்னு தனி போர்ட்டல் இருக்கு, நம்ம தென் மண்டலத்துக்கு ஆபீஸ் தரமணியில. பயிற்சி ஒரு வருஷம். உதவித்தொகை 2019 விதிப்படி பட்டதாரிக்கு குறைஞ்சது 9,000-ன்னு இருந்துச்சு, அந்த குறைஞ்சபட்ச தொகையில பாதிய மத்திய அரசு கொடுத்துடும், நிறைய தனியார் பிளான்ட்ல அதுக்கு மேலயே தருவாங்க, பஸ்ஸும் கேன்டீனும் இருக்கும். முடிச்சா அரசு சர்டிஃபிகேட், அது பின்னாடி பல இடத்துல அனுபவமா நிக்கும். நெய்வேலி என்.எல்.சி, போக்குவரத்துக் கழகம், இஸ்ரோ மையங்கள் எல்லாமே பட்டதாரி அப்ரென்டிஸ் எடுக்குறாங்க, அறிவிப்பு வரும்போது போடுங்க. ஆனா அங்க ஒரு வருஷம் முடிஞ்சா வேலை தர்றேன்னு எந்த உறுதியும் கிடையாது, தனியார் பிளான்ட்ல நல்லா வேலை பார்த்தா அங்கயே எடுத்துக்குற வாய்ப்பு அதிகம். ஒரு விஷயத்துல கவனமா இருங்க: ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை அனுபவம் வந்துட்டா இந்தத் திட்டத்துக்குத் தகுதி போயிடும், அதனால சும்மா இருக்க வேண்டாமேன்னு சம்பந்தம் இல்லாத வேலையில போய் ஒரு வருஷத்த ஓட்டிட்டு அப்புறம் இதுக்கு வந்து நிக்காதீங்க.

இன்னொண்ணும் இதுல இருக்கு, மறைக்காம சொல்லிடுறேன். சில இடத்துல அப்ரென்டிஸ்னு எடுத்து பன்னண்டு மாசமும் அசெம்பிளி லைன்ல ஸ்க்ரூ முறுக்க விட்டுடுவாங்க, பையன் ஒண்ணும் கத்துக்காம வெளிய வருவான். அதனால சேர்றதுக்கு முன்னாடியே மரியாதையா கேளுங்க, "சார் எந்த டிபார்ட்மென்ட்ல போடுவீங்க, ரொட்டேஷன் உண்டா"ன்னு. குவாலிட்டி, மெயின்டெனன்ஸ், டூல் ரூம், ப்ராசஸ் இன்ஜினியரிங், இதுல எது கிடைச்சாலும் கண்ண மூடிட்டு சேருங்க. லைன்ல போட்டாலும் ஷிஃப்ட் முடிஞ்சு அரை மணி நேரம் குவாலிட்டி ரூம்ல போய் நில்லுங்க, கத்துக்கணும்னு வந்து நிக்குற பையனை எந்த இன்ஸ்பெக்டரும் விரட்ட மாட்டாரு.

இப்போ ஜாவா கோர்ஸ். கோடிங் பிடிச்சிருக்கா, இல்ல மெக்கானிக்கல்ல வேலை இல்லன்னு போறீங்களா, இதை நீங்கதான் உங்களையே கேட்டுக்கணும். உண்மையிலயே பிடிச்சிருந்தா தாராளமா போங்க, நம்ம ஊர்ல மெக்கானிக்கல், சிவில் படிச்சு ஐ.டி.யில நல்லா இருக்குறவங்க ஏகப்பட்ட பேர். ஆனா ஐ.டி.யிலயும் ஃப்ரெஷருக்கு நிலைமை முன்ன மாதிரி இல்ல, 2023-24-ல டி.சி.எஸ்.லயே மொத்த ஆள் எண்ணிக்கை 13,000-க்கு மேல குறைஞ்சது, இன்ஃபோசிஸ்ல 2022 பேட்ச்ல ஆஃபர் லெட்டர் வாங்கின பசங்க பல பேர் சேர்றதுக்கு ரெண்டு வருஷம் காத்திருந்தாங்க. அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி மூணு மாசம் யூடியூப்ல இலவசமா கத்துப் பாருங்க, அதுக்கப்புறமும் தினமும் உக்காரத் தோணுச்சுன்னா அப்போ யோசிக்கலாம். "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்"னு சொல்ற இடத்துல போன பேட்ச்ல வேலை கிடைச்ச அஞ்சு பேரோட நம்பர் கேளுங்க, தர மாட்டேன்னா வெளிய வந்துடுங்க. சில இடத்துல ரெண்டு வருஷ போலி எக்ஸ்பீரியன்ஸ் போட்டு அனுப்புறோம்னு வெளிப்படையாவே சொல்லுவாங்க, அதுக்கு மட்டும் தலையாட்டாதீங்க தம்பி. பி.எஃப் கணக்கோட யு.ஏ.என். நம்பர்ல நீங்க எங்கெங்க வேலை பார்த்தீங்கன்னு எல்லாம் தெரிஞ்சிடும், சேர்ந்து ஆறு மாசம் கழிச்சு வெரிஃபிகேஷன்ல மாட்டி வெளிய அனுப்பினா அதுக்கப்புறம் உள்ள நல்ல கம்பெனி கதவும் மூடிடும்.

அந்த 60,000-த்துக்கு பதிலா ஒண்ணு சொல்லட்டுமா, எக்செல்ல ஒழுங்கா கத்துக்கோங்க. பிவட், லுக்அப், ரிஜெக்‌ஷன் டேட்டாவ வெச்சு பரேட்டோ சார்ட் (எந்தக் கோளாறு அதிகம்னு பெருசுல இருந்து வரிசையா காட்டுறது). பிளான்ட்ல தினமும் காலையில மீட்டிங்ல ஓடுறது இதுதான், இதை சட்டுனு போடத் தெரிஞ்ச ஃப்ரெஷர் வந்தா மேனேஜருக்கு அவ்வளவு நிம்மதி. அதுக்கு மேல கொஞ்சம் பைத்தானோ பவர் பி.ஐ.யோ தெரிஞ்சா இன்னும் நல்லது. கோடிங் ஆசையும் தீரும், மெக்கானிக்கலும் வீணாகாது.

இங்கிலீஷ் வரலன்னு எழுதியிருந்தீங்க. எங்க பிளான்ட் இன்டர்வியூல பாதி தமிழ்லதான் நடக்குது, யாரும் உங்க இலக்கணத்துக்கு மார்க் போடல. ஆனா கஸ்டமர் ஆடிட்டுக்கு வருவான், மெயில் எழுதணும், அதனால கொஞ்சம் வேணும். எல்லாத்தையும் பேசக் கத்துக்கணும்னு மலைச்சுப் போகாம, நீங்க செஞ்ச ஒரே ஒரு வேலைய ரெண்டு நிமிஷம் இங்கிலீஷ்ல சொல்லப் பழகுங்க. ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, மறுபடி சொல்லுங்க. தெரிஞ்ச விஷயத்தைப் பத்தி பேசும்போது வார்த்தை தானா வரும், தெரியாததப் பத்தி பேசும்போதுதான் நாக்கு ஒட்டிக்கும். தெரியாத கேள்வி வந்தா தெரியாதுன்னு சொல்லிட்டு, "ஆனா நான் இப்படி யோசிப்பேன்"னு தொடங்குங்க, அதுக்கு நாங்க நல்ல மார்க் கொடுப்போம்.

சம்பளத்துல ஏமாற வேண்டாம். வருஷத்துக்கு 2.4 லட்சம் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக செலவு பண்ற மொத்தம்)ன்னா மாசம் 20,000 கையில வரும்னு வீட்டுல சொல்லிடாதீங்க. பேசிக் 10,000-ன்னு வெச்சுக்கிட்டா, கம்பெனி போடுற பி.எஃப் 1,200, கிராஜுவிட்டி 481, கம்பெனி பங்கு இ.எஸ்.ஐ. எல்லாம் அந்த 20,000-க்குள்ளயே இருக்கும், அப்புறம் உங்க பங்கு பி.எஃப், இ.எஸ்.ஐ. போக கையில சுமார் 16,400 வரும். ஆஃபர் லெட்டர்ல கையில எவ்வளவு வரும்னு கேட்டு வாங்கிக்கிறது தப்பே இல்ல.

காசு கேட்டா அது வேலை இல்ல. ரெஜிஸ்ட்ரேஷன், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், எந்தப் பேர்ல கேட்டாலும் போயிடுங்க, ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட கொடுத்து வெச்சிடாதீங்க, பார்த்துட்டு திருப்பித் தரணும் அவ்வளவுதான். தாய்லாந்துல டேட்டா என்ட்ரி, மாசம் 80,000-ன்னு டூரிஸ்ட் விசாவுல கூட்டிட்டுப் போறாங்கன்னா தயவுசெஞ்சு போயிடாதீங்க, அப்படிப் போன நம்ம பசங்க மியான்மர்லயும் கம்போடியாவுலயும் ஆன்லைன் மோசடி கூடாரத்துல அடைபட்டு அடி வாங்கி, அரசாங்கம் தலையிட்டு மீட்டுக் கொண்டு வந்திருக்கு. வெளிநாடுன்னா ஏஜென்ட் மத்திய அரசோட இ-மைக்ரேட் போர்ட்டல்ல பதிவு பண்ணினவரான்னு பாருங்க. ஆன்லைன்ல காசு போயிடுச்சுன்னா உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீங்களோ அவ்வளவு நல்லது.

டி.என்.பி.எஸ்.சி.யும் எழுதலாமான்னு கேட்டிருந்தீங்க. எழுதுங்க, ஆனா அதுக்காக மத்ததை எல்லாம் நிறுத்திட்டு உக்காராதீங்க. அப்ரென்டிஸா இருந்துக்கிட்டே படிச்சு எழுதுற பசங்க எங்க பிளான்ட்லயே இருக்காங்க. வேலைவாய்ப்பு அலுவலகத்துல பதிவு பண்ணியிருந்தா மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்க மறந்துடாதீங்க. தமிழ்நாடு அரசு நடத்துற தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்கும் போங்க, பெரிய முகாம்ல கூட்டம் அதிகம், மாவட்ட ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைங்கள்ல நடக்குற சின்ன முகாம்ல கம்பெனிக்காரங்களோட நின்னு பேசவே நேரம் கிடைக்கும்.

கடைசியா நீங்க ரொம்ப பயந்து கேட்டது, "ஒரு வருஷம் என்ன பண்ணினேன்னு கேட்டா என்ன சொல்றது". உண்மைய சொல்லுங்க. "மொத மாசங்கள்ல ஆன்லைன்ல மட்டும் அப்ளை பண்ணினேன் சார், பதில் வரல, அதுக்கப்புறம் இந்த பார்ட்டுகள எடுத்து அளந்து டிராயிங் போட ஆரம்பிச்சேன், இதோ பாருங்க"ன்னு அந்த நாலு பக்கத்த மேஜையில வைங்க. நானா இருந்தா ஒரு வருஷ கேப்ப அங்கயே விட்டுட்டு ரெண்டாவது பக்கத்துல இருக்குற அந்த பொசிஷன் டாலரன்ஸ ஏன் 0.2-ன்னு கொடுத்தீங்கன்னுதான் அடுத்த கேள்வி கேப்பேன், அதுக்கு பதில் தயாரா வெச்சுக்கோங்க.